வழவழக்கும் என்று வெண்டைக்காயை ஒதுக்காதீர்கள்!



உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்றைக்கு வெண்டைக்காய்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்காத பிள்ளை அபூர்வம். வகுப்பில் நான் காய்கறிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் போதெல்லாம், வெண்டைக்காய் என்று சொன்னவுடன் பின் வரிசையிலிருந்து, "கொழகொழன்னு இருக்கும் டீச்சர்!" என்று ஒரு குரல் வந்துவிடும். வகுப்பே சிரிக்கும்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வெண்டைக்காயின் மேலும் குற்றமில்லை. முற்றிய காயை வாங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட நறுக்கி, மூடி போட்டு வேகவைத்து, கஞ்சிப்பசை போலத் தட்டில் வைத்தால் பெரியவர்களுக்கும்தான் தொண்டையில் இறங்காது. அதே காயைப் பறித்த அன்றே பக்குவமாகச் சமைத்துக் கொடுங்கள். கோழிக் குழம்பு கேட்கிற பிள்ளையும் இன்னொரு கரண்டி கேட்கும். தோட்டப்புறத்தில் வீட்டுக்குப் பின்னால் ஐந்தடி மண் இருந்தாலும் முளைத்துக் காய்க்கிற செடி இது. நம்மிடமே விளையும் நல்ல காயைப் பக்குவம் தெரியாமல் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுக்குப் பொட்டலத்து மீயும் முட்டையுமே கொடுத்துப் பழக்குகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நுனியை ஒடித்துப் பாருங்கள்

சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை. காயைத் தெரிந்தெடுப்பதில் தொடங்குகிறது. வெண்டைப் பூவைக் கவனித்திருப்பீர்கள். இளமஞ்சள் இதழ்கள், நடுவில் அடர்ந்த சிவப்பு. செம்பருத்தியும் பருத்தியும் இதற்கு உறவு. பூவைப் பார்த்தாலே சாயல் தெரியும். காலையில் விரியும் பூ மாலைக்குள் வாடிவிடும். அதிலிருந்து நான்காம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் காய் மடமடவென்று நீளும். இரண்டு நாள் மறந்துவிட்டால் உள்ளே நார் ஓடிவிடும். பிறகு எத்தனை நேரம் வேகவைத்தாலும் சக்கைதான்.

பெண்களின் விரலளவு இருந்தால் இளங்காய். ஆங்கிலத்தில் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்களே! நுனியை மெல்ல வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல். கடையில் எல்லாக் காயையும் இப்படி ஒடித்துக் கொண்டிருந்தால் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். இரண்டை மட்டும் பாருங்கள், போதும். காம்பு வெட்டிய இடம் கறுத்துக் காய்ந்திருந்தால் பறித்து நாளாயிற்று என்று பொருள். மேலிருக்கும் மெல்லிய சுணை உதிராமல், பச்சை நிறம் மங்காமல் இருக்க வேண்டும். நீளமாக, தடியாக இருப்பதைப் பார்த்து, "காசுக்கு நிறைய வருகிறது" என்று வாங்குவது வீண். பாதியைக் குப்பையில்தான் போடுவோம்.

லாரிக்காரரிடமோ பசார் மாலாமிலோ வாங்கிய காயைப் பிளாஸ்டிக் பையிலேயே கட்டி வைக்காதீர்கள். உள்ளே வியர்த்து, மறுநாளே கரும்புள்ளி விழும். வெளியே எடுத்து, ஈரமிருந்தால் துடைத்து, மெல்லிய துணியில் தளரச் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டின் கடுங்குளிர் இதற்கு ஆகாது. 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் காய் குழிவிழுந்து கறுக்கும். எப்படி வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். கழுவி வைக்கவே கூடாது. சமைக்கும் முன்புதான் கழுவ வேண்டும்.

வழவழப்பை என்ன செய்வது?

இந்த வழவழப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காய்க்குள் ஒருவகைப் பசை இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது ஊறிப் பெருகும். காயை எவ்வளவு சிறிதாக வெட்டுகிறோமோ அவ்வளவு வெளியே வரும். உப்புப் போட்டால் காய் நீர் விட்டு, அந்த நீரில் பசை இன்னும் ஊறும். மூடி போட்டாலோ ஆவியே தண்ணீராகச் சொட்டி அதே கதைதான். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி ஆகியவற்றின் புளிப்பு பட்டால் பசை இளகும். காய்ந்த சூட்டில் வதக்கினால் வற்றும்.

ஆகவே வெண்டைக்காயை இரண்டு விதமாகத்தான் சமைக்க வேண்டும். ஒன்று, நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெட்டி, மூடாமல் வதக்குவது. மற்றொன்று, உள்ளறை திறக்காதபடி முழுக் காயாகப் போடுவது. ஈரக் காயை நறுக்கிக் கொதிக்கும் சட்டியில் கொட்டுவது இரண்டிலும் சேராது. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான்!

விடியுமுன் வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு ஒரு யோசனை. காயை இரவிலேயே கழுவித் துடைத்து, ஒரு துணியில் பரப்பி வைத்துவிடுங்கள். காலையில் எலும்பு போல உலர்ந்திருக்கும். கத்தியும் பலகையும் ஈரமில்லாமல் இருக்கட்டும். வெட்டுவதை மட்டும் காலையில் செய்யுங்கள்.

பொரியல் செய்யும் விதம் இது. நான்கு பேருக்கு 300 கிராம் காய் போதும். கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு வெட்டிக் கொள்ளுங்கள். அதற்கும் சிறிதாக வேண்டாம். அகலமான குவாலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்து, ஒரு பெரிய வெங்காயத்தை வதக்கி, காயைப் போடுங்கள். தீ சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். மூடாதீர்கள். ஓயாமல் கிளறவும் கூடாது. கிளறக் கிளறக் காய் உடைந்து பசை வரும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டினால் போதும். முதலில் நூல் நூலாக இழுக்கும். பயந்து தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். நூல் அறுந்ததும் ஒரு மேசைக்கரண்டி தயிரோ அரை எலுமிச்சம்பழச் சாறோ விட்டுப் புரட்டி, மஞ்சள்தூளும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சேருங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் ஓரம் சிவந்து வரும். அப்போதுதான் உப்பு. கடைசியாக ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. மத்தியானச் சோற்றுக்குக் கட்டிக் கொடுப்பதாயிருந்தால் தேங்காயை விட்டுவிடுங்கள். வெயிலில் சீக்கிரம் கெட்டுப் போகும்.

இரும்புச் சட்டியில் செய்தால் காய் கறுக்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, கண்ணுக்குத்தான் நன்றாயிராது.

மீனோடு சேரும் காய்

வெண்டைக்காய்க்கும் மீனுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. புளியும் காரமும் ஏறிய குழம்பில் முழு வெண்டைக்காய் கிடந்து ஊறினால், பல வீடுகளில் மீன் துண்டுக்கு முன்னால் காய்தான் காணாமல் போகிறது. சிங்கப்பூரில் 1949-இல் கேரளத்துக்காரரான எம். ஜே. கோமஸ் என்பவர்தான் மீன் தலைக் கறியை முதன் முதலில் விற்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இன்று அந்தக் கறியைக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? மலாய்க்காரர்களின் அசாம் பெடாசிலும் வெண்டைக்காய் உண்டு. அவர்கள் அதைப் 'பெண்டி' என்கிறார்கள். இந்தியில் 'பிண்டி' என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்; காயோடு பெயரும் கடல் தாண்டி வந்திருக்கிறது.

குழம்பில் போடும் காயின் காம்பைச் சீவும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலையை ஒரே வெட்டாக வெட்டி எறியாதீர்கள். பென்சில் சீவுவது போலச் சுற்றிலும் சீவி, விதையறை திறக்காமல் விட்டுவிடுங்கள். நுனியையும் வெட்ட வேண்டாம். பசை உள்ளேயே அடங்கிவிடும். குழம்பு கொதித்து மசாலாவின் பச்சை வாடை போன பிறகு, இறக்குவதற்கு ஏழெட்டு நிமிடம் முன்னால் காயைப் போடுங்கள். மீன் சீக்கிரம் வேகும் வகையானால் காயை முதலில் போட்டு, பிறகு மீனைப் போடலாம்.

சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் மீன் வாங்க முடியவில்லையா? நெத்திலிக் கருவாடு இருக்கிறதே! ஒரு கைப்பிடி நெத்திலியைக் கழுவி, எண்ணெயில் பொரித்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டிய வெண்டைக்காயை நூல் அறும்வரை வதக்கி எடுங்கள். பிறகு வெந்தயம், சோம்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி மீன் கறித்தூள் போட்டு, எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்ததும் வதக்கிய காயைச் சேர்த்து ஐந்து நிமிடம். நெத்திலி கடைசியில். உப்பை அதற்குப் பிறகு ருசி பார்த்துப் போடுங்கள், கருவாட்டிலேயே உப்பு இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றாத இந்தக் குழம்பு காலையில் வைத்தால் மத்தியானம் வரை தாங்கும். மறுவேளைக்கு ருசி கூடும் என்பது என் கட்சி.

அண்டை வீட்டாரிடம் கற்றுக் கொள்ள வேண்டியதும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் முழுக் காயை இரண்டே நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சம்பால் பெலாச்சான் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எண்ணெயே இல்லை, ஐந்து நிமிட வேலை. அதே சம்பாலை வதக்கியும் செய்யலாம். ஐந்து காய்ந்த மிளகாய், ஐந்து பழுத்த மிளகாய், ஆறு சின்ன வெங்காயம், சுட்ட பெலாச்சான் ஒரு சிறு துண்டு, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த இறால் ஆகியவற்றை இடித்து, எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்குங்கள். பிறகு தீயைக் கூட்டி, சாய்வாக வெட்டிய காயைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் புரட்டினால் போதும். இறக்கியதும் லீமாவ் கஸ்தூரி ஒன்று பிழிந்துவிடுங்கள். காய் கடிபட வேண்டும், குழையக் கூடாது. சீனர்களோ காயை நெடுக்காகக் கீறி மீன் மாவை அடைத்து 'யோங் தாவ் பூ' செய்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் விரட்டப் பாடுபடும் வழவழப்புக்காகவே வெண்டைக்காயைத் தேடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜப்பானியர்கள் லேசாக வெந்த காயைப் பொடியாக நறுக்கிக் கிளறி, பசை நூலிழுக்கும்படியே சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 'கம்போ' என்ற குழம்புக்குக் கெட்டி கொடுக்க இந்தப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த பெயரே அந்தக் குழம்பின் பெயராயிற்று என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட மக்களின் சமையல், போன ஊரில் வேர்விட்டது. பிழைக்கப் போன இடத்துக்குக் கறித்தூளைக் கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது புரியாத கதையா?

கணக்கு வருமா? இனிப்புநீர் தீருமா?

வெண்டைக்காய் தின்றால் கணக்கு நன்றாக வரும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அப்படியானால் என் வேலை எவ்வளவோ இலேசாகியிருக்கும்! வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாமல் கணக்கு வராது. ஆனால் பிள்ளையைச் சாப்பிட வைக்க அந்தப் பொய் உதவுமானால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பொய்யில்லாமல் சொல்வதானால், 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்தும், 80 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 20 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி-யும், 60 மைக்ரோகிராம் ஃபோலேட்டும் உண்டு. ஃபோலேட் கருவுற்ற பெண்களுக்கு மிக வேண்டியது. ஆனால் அவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 600 மைக்ரோகிராம். சமைக்கையில் கொஞ்சம் அழிந்தும் போகும். ஆகவே கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைக்கு வெண்டைக்காய் ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வெண்டைக்காயைக் கீறி இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் இனிப்புநீர் தீரும் என்ற பேச்சு வீடு வீடாகப் பரவியிருக்கிறது. கைத்தொலைபேசியில் வருகிறது, கோயிலில் பேசிக் கொள்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. அதிலும் இந்தியர்களிடந்தான் அதிகம். ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார் என்னும்போது, இந்தப் பேச்சை விளையாட்டாக விட்டுவிட முடியாது.

காயின் நார்ச்சத்தும் பசையும் சாப்பாட்டிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கக் கூடும் என்பது உண்மை. அதனால் இனிப்புநீர்க்காரர்களுக்கு இது நல்ல காய். ஆனால் நல்ல காய் வேறு, மருந்து வேறு. எலிகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஒரு சோதனையில், வெண்டைக்காயின் பசைநீரை மெட்ஃபார்மின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்து உடம்பில் சேருவதையே பசை தடுத்தது. மனிதர்களிடமும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. என்றாலும் மாத்திரையை வெண்டைக்காய்த் தண்ணீரோடு விழுங்கும் பழக்கம் வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் நம்புவது அதைவிடக் கேடு. காலில் புண் வந்து ஆறாமல் கிடந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில் என்ன பயன்? தண்ணீரைக் குடித்து வருகிறவர்கள் அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கேட்டுக் கொண்டே சாப்பிட வேண்டும். இக்காயில் ஆக்சலேட் அதிகம்.

வீட்டுக்குப் பின்னால் நாலு செடி

பறித்த அன்றே சமைக்க வேண்டுமென்றால் செடி வீட்டில் இருப்பதுதான் வசதி. விதையை ஓர் இரவு ஊறவைத்து, வெயில் படுகிற இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நல்ல செடியை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டவர்கள் பழைய வாளியில் அடியில் ஓட்டை போட்டு வளர்க்கலாம். ஏறத்தாழ ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக் கொண்டே இருக்க வேண்டும். காயை முற்ற விட்டால் செடி, "என் வேலை முடிந்தது" என்று பூப்பதைக் குறைத்துக் கொள்ளும். சுணை அரிக்கும், வேலைக்குப் போடும் கைநீளச் சட்டையோடு பறியுங்கள்.

இலை நரம்புகள் மஞ்சளாகிச் செடி குன்றினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்தில்லை, பிடுங்கி எறிவதுதான் வழி. எந்தப் பூச்சிக்கும், தோட்டத்தில் அடிக்கும் மருந்தில் மிச்சத்தைக் கொண்டு வந்து வீட்டுச் செடிக்குத் தெளிக்காதீர்கள். புல் மருந்து வந்த காலிக் கேனைக் கழுவிவிட்டோம் என்று நினைத்து அதில் தண்ணீர் பிடித்து ஊற்றுவதும் வேண்டாம். பாராக்குவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020-ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. பழைய கேன் மட்டும் ஏதாவதொரு வீட்டு மூலையில் இன்னும் கிடக்கலாம். அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லி மேலாளரிடமோ கங்காணியிடமோ தெரிவியுங்கள்.

காய்ப்பு மிஞ்சினால் அக்கம் பக்கம் கொடுத்தது போக வற்றல் போடலாம். வட்டமாக வெட்டி, உப்புக் கலந்த தயிரில் ஓர் இரவு ஊறவைத்து, பாயில் பரப்புங்கள். தொடர்ந்து மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். நம் ஊர் மழை சொல்லிக் கொண்டு வருவதில்லை. பாதி காய்ந்த வற்றலில் பூஞ்சணம் பிடித்தால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதுதான்.

செடி ஓயும் காலத்தில், நோயில்லாத நல்ல செடியில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விட்டுவிடுங்கள். செடியிலேயே காய்ந்து பழுப்பாகி, குலுக்கினால் உள்ளே கலகலக்கும். அப்போது உடைத்து, விதையை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மூடியுள்ள போத்தலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த நடவுக்கு அது போதும்.